பத்துப் பேருக்கு ஒரு பனிமலை

ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கு ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை. பெரியவர்கள், பிள்ளைகள், தேர்ந்தவர், புதியவர் என்று எல்லோரும் சேர்ந்து போகும்போது எந்த ஊருக்குப் போவது?

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் ரூம்லயே இருக்கேன்."

மூன்றாம் நாள் காலை அண்ணி இப்படிச் சொன்னபோது எங்களில் யாருக்கும் பதில் பேச வாய் வரவில்லை. மியூனிக்கிலிருந்து பத்துப் பேர் புறப்பட்டு வந்திருந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. அண்ணன், அண்ணி, ஏழு வயதிலும் பத்து வயதிலும் அவர்களுடைய பிள்ளைகள். நான், என் மனைவி. பத்துக் குளிர்காலங்களாகச் சறுக்கிப் பழகிய நண்பர் ஒருவர், அவருடைய மனைவி. ஊரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அந்த நண்பரிடம் விட்டிருந்தோம். விஷயம் தெரிந்தவர் அவர்தானே என்று நினைத்தோம்.

அவர் தேர்ந்தது புகழ்பெற்ற ஊர். பெயர் வேண்டாம், தவறு எங்களுடையது. செங்குத்தான சரிவுகளை நாடி வருபவர்களுக்கான மலை அது. புதியவர்கள் பழகும் இடத்துக்கு பஸ் பிடித்துப் போக வேண்டியிருந்தது. முதல் நாள் அண்ணி விழுந்தார். இரண்டாம் நாள் விழுந்தபோது முழங்கால் வலியோடு பயமும் சேர்ந்துகொண்டது. ஆறு நாள் லிஃப்ட் பாஸில் அவர் பயன்படுத்தியது ஒன்றரை நாள். அப்பாவும் அம்மாவும் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடியே வாரத்தைக் கழித்தார்கள்.

அதன்பின் வந்த குளிர்காலங்களில் ஒவ்வொரு ஊராக விசாரித்தும் போய்ப் பார்த்தும் நான் அறிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். குழுவில் யாருக்கு மிகக் குறைவாகச் சறுக்கத் தெரியுமோ, அவருக்குப் பொருந்தும் ஊர்தான் மொத்தக் குழுவுக்கும் பொருந்தும். தேர்ந்தவர் எந்த மலையிலும் தனக்கான கடினமான பாதை ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வார். புதியவருக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் ஆட்களை எண்ணுங்கள்

ஆஸ்திரியாவில் சறுக்குப் பாதைகளுக்கு மூன்று நிறங்கள். நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். ஊர்களின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது மொத்தக் கிலோமீட்டர் கணக்கு. 300 கி.மீ. என்று போட்டிருந்தால் மனம் அங்கே தாவும். ஆனால் முதல் வாரம் பழகுகிறவர் ஒரு நாளில் தொடுவது சில நூறு மீட்டர்தான். அவருக்கு வேண்டியவை வேறு.

பழகுமிடம் தங்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறதா? அங்கே நகரும் கம்பள லிஃப்ட் உண்டா? அதன்மேல் நின்றால் போதும், அதுவே மேலே கொண்டுபோய் விடும். கொக்கியைப் பிடித்து இழுபட்டுப் போகும் லிஃப்டில் புதியவர்கள் பாதி வழியிலேயே விழுந்துவிடுவார்கள். பழகுமிடத்தைத் தாண்டியதும் நீளமான, அகலமான நீலப் பாதை இருக்கிறதா? பல ஊர்களில் சமதளப் பயிற்சி முடிந்ததும் நேரே சிவப்புப் பாதைதான். பயம் பிறப்பது அங்கேதான். பயந்துவிட்டால் கோண்டோலா என்ற மூடிய பெட்டி லிஃப்டிலேயே கீழே இறங்கிவிட வழி உண்டா? முழு பாஸ் வாங்காமல், பழகுமிடத்துக்கு மட்டும் குறைந்த விலைச் சீட்டு கிடைக்குமா?

இன்னொரு கேள்வியையும் நான் எப்போதும் கேட்பேன். மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பத்துப் பேரும் மலைமேல் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? நாற்காலி லிஃப்டுகள் பலவற்றில் கால்நடையாக வருபவர்களை ஏற்றுவதில்லை. மூடிய கோண்டோலா இருந்தால் எழுபது வயது அப்பாவும் சறுக்காதவர்களுக்கான சீட்டு வாங்கிக்கொண்டு மேலே வரலாம். பகலெல்லாம் பிரிந்திருக்கும் குழு சாப்பாட்டு வேளையில் ஒன்றுசேர்ந்தால்தான் அது குழுப் பயணம்.

பிள்ளைகளும் புதியவர்களும் இருந்தால்

என் முதல் பரிந்துரை டிரோல் மாநிலத்தில், இன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கும் ஸெர்ஃபௌஸ். ஃபிஸ், லாடிஸ் என்ற பக்கத்து ஊர்களோடு சேர்த்து சுமார் 200 கி.மீ. பாதைகள். ஊர் சுமார் 1,430 மீட்டர் உயரத்தில், வெயில் விழும் மேட்டில் இருக்கிறது. இந்தச் சின்னக் கிராமத்துக்கு ஒரு சுரங்க ரயில் உண்டு. காற்று மெத்தையின் மேல் மிதந்து, கம்பியால் இழுக்கப்பட்டு ஓடும் ரயில் அது. 1985இல் தொடங்கியது, 1,280 மீட்டர் நீளம், நான்கு நிலையங்கள், கட்டணம் இல்லை. விருந்தினர்கள் காரை நிறுத்திவிட்டு இந்த ரயிலில்தான் லிஃப்ட் நிலையத்துக்குப் போகிறார்கள். கனமான பூட்ஸும் தோளில் ஸ்கீயுமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தவர்களுக்குத்தான் இந்த ரயிலின் அருமை தெரியும். நடு நிலையமான கொம்பர்டெல்லில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பழகுமிடம் இருக்கிறது. கோண்டோலாவில் ஏறிவரும் தாத்தா பாட்டியும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

இரண்டாவது, வில்டர் கைசர் மலையடிவாரத்து ஸ்கீவெல்ட். ஸோல், எல்மௌ, ஷெஃபௌ உள்ளிட்ட பல கிராமங்களை இணைத்து சுமார் 275 கி.மீ. பாதைகள், பெரும்பாலும் நீலமும் சிவப்பும். மியூனிக் பக்கமிருந்து வருபவர்களுக்கு மிக அருகில் இருக்கும் பெரிய பகுதிகளில் இது ஒன்று. பண்ணை வீடுகளிலும் குடும்பம் நடத்தும் சிறு விடுதிகளிலும் தங்கலாம். குறை, உயரம் போதாதது. ஸோல் கிராமம் சுமார் 700 மீட்டரில்தான் இருக்கிறது. பனி பொய்த்த ஆண்டுகளில் கீழ்ப்பாதைகள் செயற்கைப் பனியால்தான் தாக்குப்பிடிக்கின்றன.

எங்கே போனாலும் புதியவர்களைச் சறுக்குப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான சறுக்குப் பள்ளிகளில் வகுப்பு ஞாயிறோ திங்களோ தொடங்கும். காலையில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு மணி நேரம். நண்பரோ கணவரோ கற்றுக்கொடுக்க முயன்று, சண்டையில் முடிந்த கதைகள் பல எனக்குத் தெரியும். பயிற்சியாளர் பிள்ளைகளிடம் "பீட்சா" என்பார். ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, வேகத்தைக் குறைக்கும் நிலை அது. ஸ்கீ இரண்டையும் இணையாக வைத்தால் "பொம்மஸ்", அதாவது உருளைக்கிழங்கு வறுவல். இரண்டே சொல்லில் பிள்ளைகள் நிற்கவும் ஓடவும் கற்றுக்கொள்கிறார்கள். டிரோல், ஃபோரார்ல்பெர்க் நீங்கலாக மற்ற மாநிலங்களில் 15 வயது வரை ஹெல்மெட் கட்டாயம். சட்டம் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் பெரியவர்களும் அணிய வேண்டும் என்பதே என் கருத்து.

எல்லாத் தரத்தினரும் கலந்திருந்தால்

பாதிப் பேர் தேர்ந்தவர்கள், பாதிப் பேர் பழகுபவர்கள் என்றால் சால்ஸ்பர்க் மாநிலத்து ஸால்பாக். ஹின்டர்கிளெம், லியோகாங், ஃபீபர்ப்ரூன் ஆகியவற்றோடு சேர்த்து 270 கி.மீ. பள்ளத்தாக்கின் இருபுறமும் மலைச்சரிவுகள். ஒருபுறம் ஏறி, சுற்றிக்கொண்டு மறுபுறமாக ஊருக்கே திரும்பலாம். அதனால் யாரும் தொலைந்துபோவதில்லை. களைத்தவர் இடையிலேயே ஊருக்கு இறங்கிவிடலாம். 1991இலும் 2025இலும் உலக சாம்பியன் போட்டிகளை நடத்திய ஊர் இது. தேர்ந்தவர்களுக்கு வேண்டிய சவாலும் இங்கே உண்டு.

பக்கத்திலேயே ட்ஸெல் ஆம் ஸே. ஏரிக்கரையில் பழைய நகரம், ஊருக்குள்ளேயே ரயில் நிலையம். ஊருக்கு மேலே ஷ்மிட்டன்ஹோயே மலை. அடுத்த ஊரான காப்ரூனில் கிட்ஸ்ஸ்டைன்ஹார்ன் பனியாறு. பனியாற்றின் உச்சி நிலையம் 3,029 மீட்டரில் இருப்பதால், கீழே மழை பெய்தாலும் மேலே பனி கிடைக்கும். சறுக்காதவர்களுக்கு ஏரிக்கரை நடை, கடைத்தெரு, காபிக்கடை. ஸால்பாக்கையும் இந்த இரண்டு மலைகளையும் ஒரே பாஸில் சேர்த்திருக்கிறார்கள். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குழுவுக்கு ஆஸ்திரியாவில் இதைவிட வசதியான ஏற்பாடு குறைவு.

மையர்ஹோஃபனும் நல்ல தேர்வு. அங்கே இரண்டு மலைகள், இரண்டு சுபாவம். பென்கனில் 78 சதவீதச் சரிவுள்ள "ஹராகிரி" பாதை இருக்கிறது. எதிரே ஆஹோர்ன் மலை. 160 பேரை ஒரே நேரத்தில் ஏற்றும் கேபிள் கார் கொண்டுபோய் விடும் மேட்டில் சாதுவான பாதைகள். வீரரை ஒரு மலைக்கும் புதியவரை மறுமலைக்கும் அனுப்பிவிட்டு மாலையில் ஊரில் சந்திக்கலாம். ஆனால் மதியச் சாப்பாடு தனித்தனிதான். யென்பாக் சந்திப்பிலிருந்து இந்த ஊருக்கு 1902 முதல் குறுகிய ரயில் பாதை இருக்கிறது.

தேர்ந்தவர்களின் தலைநகரம்

குழுவில் எல்லோரும் சிவப்புப் பாதையில் தயக்கமில்லாமல் இறங்குபவர்கள் என்றால் ஆர்ல்பெர்க் மலைக்கணவாய்க்குப் போகலாம். 1901இல் ஆர்ல்பெர்க் ஸ்கீ கிளப் தொடங்கிய இடம் அது. அருகிலுள்ள ஸ்டூபன் கிராமத்தில் 1890இல் பிறந்த ஹன்னஸ் ஷ்னைடர், 1907இல் சங்க்ட் அன்டோன் ஊருக்குப் பயிற்சியாளராக வந்தார். குனிந்து, முழங்கால் மடக்கி, உடல் எடையை மாற்றித் திரும்பும் முறையைப் படிப்படியாகக் கற்பிக்கும் பாடமாக வடித்தார். பனிச்சறுக்கைச் சாதாரண மனிதரும் வகுப்பில் சேர்ந்து கற்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். 1938இல் ஆஸ்திரியாவை நாஜிகள் கைப்பற்றியதும் அவரைச் சிறையில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கா போனவர், நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் கற்பித்துக்கொண்டே எஞ்சிய வாழ்வைக் கழித்தார்.

இன்று சங்க்ட் அன்டோன், லெக், சூர்ஸ், வார்த் எல்லாம் லிஃப்டுகளால் இணைந்து சுமார் 300 கி.மீ. வல்லூகா உச்சி 2,811 மீட்டர். எக்ஸ்பிரஸ் ரயில்கள் சங்க்ட் அன்டோன் ஊர் மையத்திலேயே நிற்கின்றன. ஆனால் அங்கே நீலம் என்று குறித்த பாதைகள் பல, வேறு ஊர்களில் சிவப்பு எனப்படும் அளவுக்குச் சரிவானவை. மாலையில் அவற்றில் கூட்டமும் சேரும். கற்பிக்கும் கலை வளர்ந்த ஊர் அது. ஆனாலும் கலவையான குழுவில் உள்ள புதியவரை முதல் வாரத்துக்கு அங்கே அழைத்துப்போக வேண்டாம்.

கிட்ஸ்பூலின் கதை நேர்மாறு. ஹானன்காம் மலையின் ஷ்ட்ரைஃப் பந்தயப் பாதையில் 85 சதவீதச் சரிவு வரை உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் தொலைக்காட்சியில் அதைப் பார்ப்பவர்கள் ஊரே அப்படித்தான் என்று பயப்படுகிறார்கள். மற்ற பாதைகளில் பெரும்பாலானவை நடுத்தரமானவை. மதில்களும் வண்ண வீடுகளுமாகப் பழைய நகரம் அழகு. விலைதான் அதிகம், ஊரும் 760 மீட்டர் உயரத்தில்தான்.

சறுக்கவே மாட்டேன் என்பவருக்கு

ஒவ்வொரு குழுவிலும் இப்படி ஒருவராவது இருப்பார். அவர் குளிரில் காத்திருக்க வந்தவர் அல்ல, அவருக்கும் விடுமுறைதான். இன்ஸ்ப்ரூக்குக்கு மேலே 1,200 மீட்டரில் உள்ள ஸேஃபெல்ட், நடப்பவர்களின் ஊர். பனியைச் சமன்செய்து வைத்த நடைபாதைகள், குதிரை வண்டிகள், சமதளத்தில் நடப்பதுபோல் சறுக்கும் நீண்டதூரச் சறுக்கலுக்கு 200 கி.மீ.க்கு மேல் தடங்கள். ரயிலிலேயே போகலாம். இறங்குசறுக்கு மலை மட்டும் சிறியது.

பாட் காஸ்டைன் இன்னொரு விதம். ஊரின் நடுவே அருவி விழுகிறது. மலையிலிருந்து வெந்நீர் ஊற்றுகள் வருகின்றன. நம்மவர்களுக்கு இந்த ஊரோடு ஓர் உறவும் உண்டு. 1937 டிசம்பரில் இங்கே தங்கியிருந்தபோதுதான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். முற்றுப்பெறாத அந்த நூல் 'ஆன் இந்தியன் பில்கிரிம்'. பகலில் பிள்ளைகள் சறுக்க, பெரியவர்கள் வெந்நீர்க் குளத்தில் இருக்கலாம். மாலையில் எல்லோரும் அங்கேயே சேர்ந்துகொள்ளலாம்.

இன்னொன்று ரோடல்பான். மரச் சறுக்குவண்டியில் உட்கார்ந்து மலைப்பாதையில் இறங்குவது. ஷ்லாட்மிங் அருகே ஹோக்வுர்ட்சன் மலையில் இரவு விளக்கொளியில் இறங்கும் பாதை ஏழு கிலோமீட்டர். ஸ்கீ தெரியாதவரும் தெரிந்தவரும் சமமாகச் சிரிக்கும் இரவு அது.

பனி இருக்குமா?

1964இல் இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கின்போது பனியே பெய்யவில்லை. ஆஸ்திரிய ராணுவம் 20,000 பனிக்கட்டிப் பாளங்களையும் 40,000 கன மீட்டர் பனியையும் உயர மலைகளிலிருந்து சுமந்துவந்து போட்டிகளை நடத்திக் கொடுத்தது. இன்று ஆல்ப்ஸ் அன்றைவிடச் சூடு. செயற்கைப் பனி இயந்திரத்துக்கும் உறைகுளிர் வேண்டும். அது இல்லாத வாரத்தில் இயந்திரம் சும்மா நிற்கும்.

ஆகவே கிறிஸ்துமஸுக்கு முன்போ மார்ச் இறுதிக்குப் பின்போ போவதாக இருந்தால் உயரமான ஊருக்குப் போங்கள். 1,930 மீட்டரில் இருக்கும் ஓபர்குர்கல் நம்பகமானது, அமைதியானது, குடும்பத்துக்கும் ஏற்றது, விலை கூடுதல். 1,740 மீட்டரில் ஓபர்டௌவர்ன். 1965இல் பீட்டில்ஸ் குழு 'ஹெல்ப்' படத்தின் பனிக்காட்சிகளை எடுத்த ஊர். ஹின்டர்டுக்ஸ் பனியாற்றில் கோடையிலும் சறுக்கலாம். நடுக்குளிர்காலம் என்றால் தாழ்ந்த ஊர்களையும் நம்பலாம். ஜனவரி 7க்குப் பிறகு மாத இறுதி வரை கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. பிப்ரவரியில் ஆஸ்திரியப் பள்ளி விடுமுறைகள் வாரம் மாற்றி வாரம் வரும். பவேரிய, டச்சு விடுமுறைகளும் சேரும்போது லிஃப்ட் வரிசை நீளும்.

பனி அதிகமானால் அதுவும் ஆபத்துதான். 1999 பிப்ரவரி 23 அன்று கால்ட்யூர் கிராமத்தில் பனிச்சரிவு விழுந்து 31 பேர் இறந்தார்கள். மறுநாள் பக்கத்துக் குக்கிராமத்தில் 7 பேர். அதன்பின் கால்ட்யூரில் பெரிய தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுத் தினமும் அறிவிக்கிறார்கள். குழுவில் யார் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், குறியிட்ட பாதையை விட்டு வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது. இந்த விஷயத்தில் குழு ஒரே குரலில் பேச வேண்டும்.

பணமும் சாப்பாடும்

பெரிய ஊர்களில் பெரியவர்களுக்கான ஒரு நாள் பாஸ் 70 யூரோவைத் தாண்டிவிட்டது. பாஸ், வாடகை ஸ்கீ, பூட்ஸ், பள்ளிக் கட்டணம் எல்லாம் கூட்டினால் தங்கும் செலவை நெருங்கும். எனவே எல்லோருக்கும் ஒரே பாஸ் வாங்காதீர்கள். புதியவருக்கு முதல் இரண்டு நாள் பழகுமிடச் சீட்டு போதும். அறைகள் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கணக்கு. தலைக்கு ஒரு நாள் இவ்வளவு என்று உள்ளூர் வரி தனி. பத்துப் பேருக்கு ஒரே வீடு எடுத்தால் பொதுக் கூடம் கிடைக்கும். வீடு லிஃப்டை ஒட்டியிருப்பதைவிட அந்தக் கூடம் முக்கியம் என்று சிலர் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் லிஃப்ட் அருகே இருப்பதே முக்கியம் என்பது என் அனுபவம். காலையும் இரவும் உணவு தரும் விடுதி என்றால் சமைக்கும் வேலை யார் தலையிலும் விழாது. வீடு எடுத்தால் அந்த வேலை பெண்கள் தலையில் விழாமல் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

சைவர்கள் மலைக்குடில்களில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கேஸ்ஷ்பெட்ஸ்லே என்பது பாலாடைக்கட்டி உருக்கிய மாவுத்துண்டுகள். கைசர்ஷ்மார்ன் என்பது பிய்த்துப்போட்ட இனிப்பு முட்டைதோசை. கெர்ம்க்னோடல், பிளம்ஸ் ஜாம் அடைத்து ஆவியில் வேகவைத்த பெரிய உருண்டை. அம்மா அதைக் கொழுக்கட்டையின் அண்ணன் என்றார். முட்டை சேர்க்காதவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். ஒரு டப்பா ரசப்பொடி கையில் இருந்தால் இரவுகள் இதமாகும்.

இந்தியாவிலிருந்து பெற்றோரை அழைத்தால் ஷெங்கன் விசாவும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். அந்தக் காப்பீடு பனிச்சறுக்கு விபத்தையும் ஹெலிகாப்டர் மீட்பையும் ஏற்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். இல்லையென்றால் ஒரு முறிந்த காலுக்கு ஆயிரக்கணக்கான யூரோ கைவிட்டுப் போகும். காரில் போனால் நெடுஞ்சாலைக்கு விக்னெட் கட்டணம் செலுத்தி, குளிர்கால டயரும் மாட்டியிருக்க வேண்டும். மலை மீட்பு எண் 140, ஐரோப்பிய அவசர எண் 112; இரண்டையும் எல்லோர் கைப்பேசியிலும் பதிந்துவிடுங்கள்.

முடிவு யாருடையது?

அடுத்த குளிர்காலத்தில் நாங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்த விதமே வேறு. மேசையைச் சுற்றிப் பத்துப் பேரும் உட்கார்ந்தோம். முதலில் அண்ணியிடம் கேட்டோம். "கீழ விழுந்தாலும் எழுந்து நிக்கற மாதிரி ஒரு இடம் போதும். திரும்பி வர கோண்டோலா இருக்கணும்" என்றார். அம்மா, "நான் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கணும்" என்றார். கடைசியாகத்தான் நண்பரிடம் கேட்டோம். அவர், "எனக்கு எங்கேயும் ஒரு சரிவு கிடைக்கும்" என்றார். ஸெர்ஃபௌஸ் என்று முடிவானது அப்படித்தான். ஆறாம் நாள் அண்ணி ஒரு முழு நீலப் பாதையை விழாமல் இறங்கிவந்தார். அம்மா குடிலின் வாசலில் நின்று அதைப் பார்த்தார். அன்று நண்பரும் கறுப்புப் பாதைக்குப் போகாமல் அண்ணியின் பின்னாலேயே மெதுவாக வந்தார்.

நீங்களும் இந்தக் குளிர்காலத்துக்கு ஊர் தேடிக்கொண்டிருந்தால், முன்பணம் கட்டும் முன் உங்கள் குழுவினர் எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். பனியில் இதுவரை கால் வைக்காதவர் பெயர் முதலில் வரட்டும். எந்த ஊர் என்ற கேள்வியை அவரிடமிருந்து தொடங்குங்கள்.